ஃபோக்கர் விமானத்தின் ஜன்னல் திரை

இந்த சீட்டைப் பாருங்க கண்ணு. இப்பத்தான் புதுசாத் தெச்சிருப்பாங்க போல, அதுக்குள்ள ஓரம் விட்டுப் போச்சு. ரெக்சினை இழுத்துப் புடிச்சுத் தெச்சா இப்படித்தான் ஆகும். ஆளு உக்காந்து எந்திரிக்கறப்போ துணிக்கும் கொஞ்சம் எடம் வேணுமில்லீங்களா, அதை விட்டுத்தான் தைக்கோணும். அய்யோ, நான் டெய்லர் எல்லாம் இல்லீங்க. எனக்கும் சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லாம் எங்கூட்டுக்காரரால வந்தது.

நீங்களும் மேட்டுப்பாளையந்தானே? மரப்பாலத்துக்கிட்ட மண்ணு சரிஞ்சு கெடக்குதாம், மெதுவாத்தான் போவாங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. நாயம் பேசிட்டே போனா கொண்டை ஊசி வளைவு தெரியாது. எனக்கு ஒரு ஆளுகிட்ட சொன்னா மனசு ஆறும்ங்க. அத்தனை வெசனம்.

எங்கூட்டுக்காரரு பேரு குழந்தைவேலு. மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தவரு. ரிட்டையர் ஆனதும் வீட்டுல உக்காந்துகிட்டு, அடுப்படிக்கு வந்து குழம்புக்கு எதுக்கு இத்தனை புளி, ஃபிரிட்ஜை ஏன் இத்தனை தடவை தொறக்கறேன்னு ஆரம்பிச்சுட்டாரு. எங்கயாச்சும் போயிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு பழைய முதலாளி வீட்டுல கோவர்த்தனம்னு ஒருத்தர். மூடின மில்லோட குடோனுக்குள்ள பழைய பிளேனெல்லாம் சேத்து மியூசியம் வெக்கறாரு. ரிட்டையர் ஆன ஆளுங்க நாலஞ்சு பேரு காசு வாங்காம அங்க போயி வேலை செய்யறாங்க. இவரும் போனாரு. நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்.

மொதல்ல சின்னச் சின்ன பிளேன்தான். அப்புறம் ஒரு பெரிய பிளேன் வந்துச்சு. ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப்னு பேருங்க. அந்தக் காலத்துல சனங்க ஏறிப் போன பிளேனு. ரெண்டு எஞ்சின், ரெண்டு விசிறி. றெக்கை மேல இருக்கும். அதனால எந்த சீட்டுல உக்காந்தாலும் கீழ இருக்கற ஊரு மறைக்காது. ஜன்னல் முட்டை மாதிரி, நல்லாப் பெருசு. நாப்பது சீட்டு. நான் அதைப் பத்தி ஒண்ணும் படிச்சதில்லீங்க. காதுல விழுந்ததுதான்.

ஏதோ ஒரு காலேஜ்ல பசங்க படிக்கறதுக்குன்னு வாங்கி, வெயில்லயும் மழையிலயும் நிறுத்தி வெச்சிருந்தாங்களாம். றெக்கையைக் கழட்டி, லாரியில ஏத்தி, குடோன் செவுத்தை இடிச்சு உள்ள கொண்டு போனாங்க. ஒரு நாள் எங்கூட்டுக்காரரு குட்டியானை வண்டியில அந்த பிளேனோட சீட்டு ஒண்ணைக் கொண்டாந்து ஹால்ல போட்டாரு. ரெட்டை சீட்டு.

"என்னங்க இது?"

"சம்பூர்ணம், இதுல உக்காந்து எத்தனை பேரு பம்பாய்க்குப் போயிருப்பாங்க, நெனச்சுப் பாரு."

அவங்க போனது சரிங்க. அவங்க தலை எண்ணெய் எங்கூட்டு ஹாலுக்கு எதுக்கு? அவரு துருப் புடிச்ச காலை மட்டும் சரி பண்ணிட்டுக் குடுத்துடறேன்னாரு. துணி எலி மோண்ட நாத்தம். இதை எத்தனை நாளைக்கு வெச்சுட்டு உக்காந்திருக்கறதுன்னு, உறையைத் தொவைக்கலாம்னு கழட்டினேன். அதுதான் நான் பண்ணது. மேல நீலக் கலர் ரெக்சின். அதைக் கழட்டினா உள்ள ஒரு அரக்குத் துணி. புதுசு போடறப்போ பழசை எடுக்கறதுக்குச் சோம்பல் பட்டுக்கிட்டு மேலயே வெச்சுத் தெச்சிருக்காங்க. அரக்கையும் பிரிச்சா, அடியில இன்னொண்ணு. கடல் பச்சை, நடுவுல சன்னமா மஞ்சக் கோடு. வெளிய தெரியற எடத்துல வெளுத்துச் சாம்பலாப் போச்சு. மடிச்சுத் தெச்ச எடத்துல மட்டும் கலரு அப்படியே இருக்குது. பட்டுச்சேலையை வருசக்கணக்கா மடிச்சு வெச்சு எடுத்துப் பாத்தா இருக்குமே, அது மாதிரி.

அதை ஒரு கவர்ல போட்டு அவருகிட்டக் குடுத்து அனுப்பினேன். அதோட விட்டுடலாம்னுதான் இருந்தேன். சாயங்காலம் வந்து, "காட்டினேன், நல்லா இருக்குன்னாங்க"ன்னாரு. நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? யாரு சொன்னாங்க, என்ன பண்ணப் போறாங்க, ஒண்ணும் கேட்டுட்டு வரலை. இந்த மனுசன் எப்பவும் இப்படித்தான். மறுநாள் நானே போனேன்.

அங்க ஜெபராஜ்னு ஒருத்தர். காலேஜ்ல வரலாறு நடத்தினவரு, ஆராய்ச்சியெல்லாம் அவரு பொறுப்பு. அந்த பிளேன் எந்த ஊருக்கெல்லாம் போச்சு, எப்ப பெயின்ட் மாத்தினாங்க, பழைய ஆளுங்க யாராச்சும் உயிரோட இருக்காங்களான்னு தேடித் தேடி ஃபோன் பண்ணிக் கேப்பாரு. நல்ல மனுசன். என்ன, புடிச்ச புடியில நிப்பாரு. நீல ரெக்சின்தான் போடோணுங்கறாரு. "பிளேன் கடைசியாப் பறந்தப்போ அதுதாம்மா இருந்துச்சு, நம்மகிட்ட போட்டோ இருக்கு"ங்கறாரு.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சார், உங்களுக்கு ஒரு படம் மாட்டோணும்னா கல்யாணத்துல எடுத்ததை மாட்டுவாங்களா, ஆஸ்பத்திரியில எடுத்ததை மாட்டுவாங்களா?"

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. ஓரியாட்டம், சண்டையெல்லாம் எனக்குப் புடிக்காதுங்க. பேசாம வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகலை. அளவு எடுக்கறதுக்குன்னு எல்லா சீட்டு உறையும் நான் வீட்டுக்குக் கொண்டாந்திருந்தேன், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அப்புறம் கோவர்த்தனம் சாரே கார்ல வந்து, "பச்சையே போடலாங்க மேடம்"னாரு. அங்க என்னைய எல்லாரும் சம்பூர்ணம் மேடம்னுதான் கூப்புடுவாங்க. அதுக்காகவெல்லாம் நான் போறதில்லைங்க.

சென்னிமலையில பழனியப்பன்னு ஒரு நெசவுக்காரரைப் புடிச்சோம். மொதல்ல நெய்து குடுத்தது பச்சை தூக்கலாப் போச்சு, வேண்டான்னேன். அடுத்தது கோடு தடிமன். எங்கூட்டுக்காரரு கூட நின்னுகிட்டு, "யாரு வந்து உத்துப் பாக்கப் போறாங்க, விடு சம்பூர்ணம்"ங்கறாரு, நெசவுக்காரர் காதுல விழற மாதிரி. அப்படிச் சொன்னா அந்தாளு எப்படிங்க ஒழுங்கா நெய்வாரு? அப்புறம் அவரைக் கூட்டிட்டே போறதில்லை. கடைசியில ஒரு நாள் பழனியப்பன் துணியை விரிச்சாரு. நான் கையில இருந்த பழைய துண்டை அது மேல வெச்சேன். எங்க வெச்சேன்னு எனக்கே தெரியலீங்க. தடவித்தான் எடுத்தேன். பழனியப்பன் திண்டுல உக்காந்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. பாவம், வெக்கை.

நாப்பது சீட்டும் நான்தான் தெச்சேன். உதவிக்கு ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க. நிக்கலை. இப்பத்த பொண்ணுங்களுக்குத் தெச்சதைப் பிரிக்கச் சொன்னா மூஞ்சி சுருங்கிப் போவுது.

இதுல எங்கூட்டுக்காரரு என்ன பண்ணாருன்னு கேக்கோணுமே நீங்க. அவருக்கு அந்த பிளேன்ல பைலட் சீட்டுல போயி உக்காரோணும். காப்பி டம்ளரோட. உக்காந்துகிட்டு முன்னால குடோன் செவுத்தையே பாப்பாரு. அதுல என்ன சந்தோசமோ. காப்பி சிந்துனா கறை போகுமாங்க? கொண்டு வரக் கூடாதுன்னேன். சரின்னாரு. அப்புறம் ஜன்னல் கண்ணாடியைப் பேப்பரை வெச்சுத் தொடைச்சாரு, அது கண்ணாடி இல்லீங்க, பிளாஸ்டிக்கு, கீறல் விழும். நாலு பேரு முன்னால கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல இருக்குது. சீட்டுல உக்காராதீங்கன்னேன். பொதுவாத்தான் சொன்னேன், எல்லாருக்குந்தான். கொஞ்சம் கொஞ்சமா அவரு வர்றதைக் குறைச்சுக்கிட்டாரு. ஒரு நாள், "நீ போயிட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்"னுட்டாரு. பாருங்க, எதுலயும் ஒரு புடிப்புக் கிடையாது. இழுத்து விட்டது அவரு. சொமக்கறது நானு.

அப்ப வீட்டுல இருந்தே சமையல் பழகிக்கிட்டாரு. அதுல இருந்து புளி அவரு கணக்குத்தான்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, பிருந்தா. மெல்போர்ன்ல இருக்கறா. கல்யாணம் ஆகி ரொம்ப வருசம் கழிச்சு உண்டாச்சு. ரெண்டு பேரும் பிரசவத்துக்குப் போறதுன்னு டிக்கெட் போட்டாச்சு. விசா வந்தாச்சு. நான் பிரசவ மருந்துக்குச் சுக்கு, சித்தரத்தையெல்லாம் இடிச்சு வெச்சுட்டேன். அந்த நேரம் பாத்து மியூசியத்துல தெறப்பு விழாவுக்கு நாள் குறிச்சுட்டாங்க. சீட்டு முடிஞ்சுது, கீழ விரிப்பு முடிஞ்சுது. ஜன்னல் திரை மட்டும் பாக்கி. திரைக் கம்பி இருக்குது, துணி ஒரு நூலு கூட மிஞ்சலை. ஜெபராஜ் சார்கிட்ட அந்தக் காலத்து போட்டோ ஒண்ணு இருக்குது. கருப்பு வெள்ளை. திரையில சின்னச் சின்ன எலை போட்டிருக்கறது தெரியுது, கலரு தெரியலை. "க்ரீம் கலர்ல ப்ளெயினா மாட்டிடலாம் மேடம், தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி வெச்சுடலாம்"ங்கறாரு.

நான் அந்தப் பக்கம் மெல்போர்ன் போனா, இந்தப் பக்கம் க்ரீமை மாட்டிடுவாரு. நீங்களே சொல்லுங்க, போக முடியுமா?

பிளேன் ஏறப் பயம்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு என்ன பயம், நாள் பூரா பிளேனுக்குள்ளயேதானே இருக்கறேன்.

எங்கூட்டுக்காரரு அன்னிக்குப் பெட்டியில என்ற துணியை மட்டும் எடுத்துக் கட்டில் மேல வெச்சாரு. அந்த எடத்துல மருந்துப் பொட்டலத்தை அடுக்கினாரு. லேகியம் எப்படிக் கிண்டறதுன்னு எழுதிக்கிட்டாரு. தனியாப் போயிட்டாரு. தப்பிச்சுட்டாருங்க மனுசன். இந்தத் தலைவலியை என்ற தலையில கட்டிட்டு ஜம்முனு போயிட்டாரு.

தெறப்பு விழாவையும் தள்ளித்தான் வெச்சாங்க. நான் சொல்லலை. திரை இல்லாம தெறந்தா நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன்.

பிருந்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ ஃபோன்ல பேசினேன். வலி விட்டு விட்டு வருதுன்னா. தைரியமா இருன்னேன். அப்புறம், "வேற என்னம்மா, ஜன்னலுக்குத் துணி கெடைச்சுதா?"ன்னு கேக்கறா. பாருங்க, அந்த வலியிலயும் அவளுக்கு எத்தனை அக்கறை. என்ற பொண்ணாச்சே.

பொண்ணு பொறந்துச்சு. வீடியோவுல காட்டினாங்க. எங்கூட்டுக்காரரு காலை நீட்டி உக்காந்து, குழந்தையைக் கால் மேல போட்டுக் குளிப்பாட்டறாருங்க. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி முழங்கையை வெச்சுச் சூடு பாக்கறாரு. பிருந்தா பொறந்தப்போ நான் அப்படித்தான் பாப்பேன். அவரு அப்ப ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவோரமா நிப்பாரு, பேப்பர் படிக்கறாருன்னு நெனச்சிருந்தேன். அன்னிக்கு நான் பிளேனுக்குப் போகலை. உடம்பு ஒரு மாதிரி இருந்துச்சு.

அப்புறந்தான் ஜெபராஜ் சார் ஒரு அம்மாவைக் கண்டுபுடிச்சாரு. அந்த பிளேன்லயே ஏர்ஹோஸ்டஸா வேலை பாத்தவங்க. யூனிஸ்னு பேரு. குன்னூர்ல மகனோட இருக்காங்க. அவங்ககிட்ட அந்தத் திரைத்துணி இருக்குதுன்னு ஃபோன்ல சொன்னாங்களாம். அதுதான் இன்னிக்குக் காலைல மொத பஸ்ஸைப் புடிச்சு ஓடியாந்தேன்.

எண்பது தாண்டின அம்மா. முதுகு நேரா உக்காந்திருக்காங்க. டீயை அவங்களே கொண்டாந்து, கப்போட காது என்ற பக்கம் வர்ற மாதிரி திருப்பி வெச்சாங்க. நான் சீட்டுத் துணித் துண்டை எடுத்துக் காட்டினேன். கையில வாங்கி மூக்குக்கிட்டக் கொண்டு போனாங்க.

"கலர் சரிதான். வாசனைதான் இல்லை. அந்த பிளேனுக்குள்ள எப்பவும் சிகரெட்டும் எலுமிச்சம்பழமுமா வாசம் அடிக்கும்"னாங்க. அதுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கறேன்.

உள்ள போயி எடுத்துட்டு வந்தாங்க. திரையை வெட்டிக் குழந்தைக்குப் போத்தற துணியாத் தெச்சிருக்காங்க, உள்பக்கம் ஃபிளானல் வெச்சு. வெளிர் மஞ்சள். அதுல சாம்பல் பச்சையில எலை. நடுவுல தேஞ்சு, பால் கறையெல்லாம் இருக்குது. நான் ஓரத்தைத்தான் பாத்தேன். ஓரம் மடிச்சு அடிச்சிருக்காங்க. மடிப்புக்குள்ள கலரு அப்படியே இருக்குதுங்க. எனக்கு உசுரு வந்துச்சு.

"மியூசியத்துக்குக் குடுங்கம்மா. உங்க பேரைப் போட்டு வெக்கறோம்"னேன்.

அந்தம்மா துணியை மெதுவா மடிச்சு மடியில வெச்சுக்கிட்டாங்க. "மியூசியத்துக்குத் தர மாட்டேன். அந்தக் காலத்துல எங்களுக்குக் கல்யாணம் ஆனா வேலை போயிடும். மோதிரம் மாத்தின மறுநாளே யூனிஃபார்மைத் திருப்பி வாங்கிட்டாங்க. அந்த வாரம் பிளேன்ல திரை மாத்தினாங்க, பழசைக் கீழ போட்டாங்க. நான் ஒண்ணை எடுத்து ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டு வந்தேன். என் நாலு பிள்ளைங்களும் இதுலதான் தூங்கிச்சு. பிளேனைப் பத்திரமா வெக்கறீங்க, சரி. எங்களை எறக்கி விட்டப்போ யாரும் எங்களை எடுத்துப் பத்திரமா வெக்கலையே"ன்னாங்க. கோவமாவெல்லாம் சொல்லலை. டீ ஆறுதுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். அசையலை. அப்புறம் அவங்களே பேச்சை மாத்தி, பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு, மெல்போர்ன்ல இருக்கறா, போன மாசந்தான் குழந்தை பொறந்துச்சுன்னேன்.

"போன மாசமா? அப்ப நீங்க இங்க என்ன பண்றீங்க?"

மூட்டு வலின்னேன். அதுவும் எனக்கு இருக்கறதுதானே.

அந்தம்மா என்ற மூஞ்சியையே பாத்தாங்க. என்ன தோணுச்சோ, துணியை எடுத்து என்ற கையில வெச்சாங்க. "பேத்திக்குக் கொண்டு போங்க. குழந்தைக்குன்னா தர்றேன். பார்சல்ல அனுப்பக் கூடாது. நீங்களே பிளேன் ஏறிப் போயி, உங்க கையால போத்தி விடணும். சரியா?"

சரின்னேன். பெரியவங்க, கையைப் புடிச்சுக்கிட்டுக் கேக்கறப்போ எப்படிங்க இல்லைங்கறது?

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் பிருந்தாவுக்கு வீடியோ போட்டேன். துணியை விரிச்சுக் காட்டி, பாப்பாவுக்குக் குடுத்தாங்கன்னு சொன்னேன். அவ வாயைப் பொத்திக்கிட்டு அழறா. "எனக்காகக் குன்னூர் வரைக்கும் போனீங்களாம்மா? முழங்கால் வலியோட?"

நான் என்ன சொல்லட்டும் கண்ணு? பச்சை ஒடம்புக்காரி, அழுதுட்டிருக்கறா. ஆமாம் சாமின்னேன். பொய்யில்லையே. குன்னூர் போனது நெசந்தானே? அடுத்த மாசம் வந்துடறேன்னும் சொன்னேன். அவ சிரிச்சா. உண்டான நாள்ல இருந்து என்ற கிட்டப் பேசறப்போ அவ அப்படிச் சிரிச்சதே இல்லை.

அப்புறம் ஃபோனை எங்கூட்டுக்காரரு வாங்கினாரு. குழந்தை தோள்ல தூங்குது. துணியைக் கிட்டத்துல காட்டச் சொன்னாரு. காட்டினேன். ஓரத்தைக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, குழந்தை முழிச்சுக்காம மெல்லக் கேக்கறாரு:

"முழுசாக் கொண்டு வருவியா, வெட்டிட்டுக் கொண்டு வருவியா?"

கேட்டீங்களா? கட்டின பொண்டாட்டியைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? ஒரு குழந்தைத் துணியை நான் வெட்டுவேனாங்க? எனக்கு வந்த கோவத்துல ஃபோனை வெச்சுட்டேன். இந்த மாதிரி சந்தேகப்படற மனுசனோட நான் எப்படித்தான் இத்தனை வருசம் காலந்தள்ளினேனோ.

அட, மேட்டுப்பாளையம் வந்துடுச்சே. நீங்க கோயமுத்தூருங்களா? நான் வீட்டுக்குப் போகலைங்க. ஈரோட்டுப் பஸ்ஸைப் புடிக்கோணும். பழனியப்பன்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன், தறியில வேற எதையும் ஏத்தாதீங்க, வந்துட்டிருக்கறேன்னு. அவரு கண்ணால ஒருக்காப் பாத்துட்டாப் போதும். வெட்டவே மாட்டேன். ஓரத்தைப் பிரிச்சு, மடிப்புக்குள்ள இருந்து ரெண்டு நூலு உருவிக் குடுப்பேன், அவ்வளவுதான். நூல் உருவறது வெட்டறதுல சேராதில்லீங்களா? திரும்பவும் நான்தானே தைக்கப் போறேன், ஊசி போன எடமே தெரியாது. ஒரு ஜன்னலுக்கு ரெண்டு பக்கம், நெய்து, தெச்சு, மாட்டிட்டா என்ற வேலை முடிஞ்சுது. நேரா டிக்கெட் போட்டுப் போயிட வேண்டியதுதான். அதுக்குள்ள குழந்தை எந்திரிச்சு நடக்கவா போகுது?

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க கண்ணு. பாத்து, பாத்து. அடியில புடிங்க. பேத்தி துணி இருக்குது.